காட்டு விதை ஏன் முளைக்க மறுக்கிறது: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடையில் வாங்கிய தட்டப்பயற்றை ஈர மண்ணில் போட்டால் மூன்று நான்கு நாளில் எல்லாம் ஒன்றுபோல் முளைத்துவிடும். அதே பழக்கத்தில் ஆவாரை நெற்றையோ சரக்கொன்றைக் காயையோ உடைத்து, விதையைத் தொட்டியில் ஊன்றித் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தால் ஒன்றிரண்டு முளைக்கும், சில தொட்டிகளில் அதுவும் இருக்காது. "விதை சொத்தை" என்று சொல்லி மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சொத்தை இல்லை. உயிரோடுதான் இருக்கிறது, முளைக்க இது சமயமில்லை என்று பேசாமல் கிடக்கிறது.

பயிர் விதைகளுக்கும் ஒரு காலத்தில் இந்த உறக்கம் இருந்தது. சட்டென்று முளைத்ததையே வளர்த்து, அறுத்து, அதையே மறுபடி விதைத்து, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் அதைக் களைந்துவிட்டார்கள். காட்டுச் செடிக்கு அப்படி யாரும் செய்யவில்லை. மழை பொய்த்தால் தண்ணீர் ஊற்றவும் அதற்கு ஆள் இல்லை. எப்போது விழிக்க வேண்டும் என்ற கணக்கை விதையேதான் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்தால் முளைக்கவைப்பது கஷ்டமான வேலை இல்லை. ஓடையோரம், குளக்கரை, சொந்தத் தோட்டத்து வேலி என்று நம் மண்ணின் மரம் செடிகளை விதையிலிருந்து வளர்க்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மழையைப் படியுங்கள்

நெல்லைச் சீமையில் ஒரே நாளில் இரண்டு பருவத்தைப் பார்க்கலாம். ஆனி மாதம் திருநெல்வேலியில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை மலை மேகத்துக்குள் இருக்கும். தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். சமவெளிக்கோ அந்த மழை வருவதில்லை, காற்றுதான் வரும். நாங்குநேரி, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரிமணல் என்னும் செம்மணல் இடம் மாறுவதும் அந்தக் காற்றால்தான். சமவெளியின் உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது.

இதற்கு நடுவே சித்திரையில் இடி மின்னலோடு இரண்டு மூன்று கோடை மழை பெய்யும். விதையை ஏமாற்றுவது இந்த மழைதான். மண் நன்றாக நனையும், வெப்பமும் இருக்கும், முளைக்க எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அதை நம்பி முளைத்த கன்று வைகாசி வெயிலையும் ஆடிக் காற்றையும் தாண்டி ஐப்பசி வரை பிழைத்திருப்பது அரிது. ஆகவே நம் சமவெளியின் செடிகளில் பல, முதல் ஈரத்தைக் கண்டதும் விழிக்காத விதைகளைத்தான் போடுகின்றன. மலை மேலே மழைக்காட்டு மரங்களின் கதை நேர்மாறானது. அங்கே வருடத்தில் பெரும்பகுதி ஈரம் இருப்பதால் விதைக்கு உறங்கவே தேவையில்லை. மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிப் பக்கத்து வெடிப்பலா போன்றவை விழுந்த கையோடு முளைத்து, நிழலில் கன்றாக நின்று காத்திருக்கும்.

எனவே ஒரு விதையைக் கையில் எடுத்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த மழைக்குப் பழகிய செடி என்பதே.

விதை எடுப்பது

ஒரே மரத்தில் எடுக்காதீர்கள். தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். காய் பச்சையாக இருக்கும்போது பறித்த விதை முற்றியிருக்காது. நெற்று உலர்ந்து தானாக வெடிக்கும் பருவம், அல்லது பழம் தானாக உதிரும் பருவம்தான் சரி. நெற்றில் சிறு துளை தெரிந்தால் வண்டு ஏற்கெனவே உள்ளே தின்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம். வேல இனங்களில் இது மிக அதிகம்.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் விதை பொறுக்கப் போகாதீர்கள். 1988-இல் அமைக்கப்பட்ட காப்பகம் அது, அனுமதியில்லாமல் உள்ளேயிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. அங்கே உதிர்கிற விதைக்கு அங்கேயே வேலை இருக்கிறது. நமக்கு வேண்டியது சாலையோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் குளத்தங்கரையிலும் தாராளமாகக் கிடைக்கும்.

இன்னொன்று, சீமைக்கருவேல் விதையைத் தெரியாமல்கூட எடுத்துவந்துவிடாதீர்கள். அதுவும் கல்போன்ற தோல் உள்ள விதைதான். மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்து முளைக்கும்.

ஒரு ராத்திரிச் சோதனை

எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் விதையின் குணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விதையை அப்படியே போடுங்கள். இன்னொன்றில், நகவெட்டியால் தோலில் ஒரு ஓரத்தை மெல்லக் கிள்ளிவிட்டுப் போடுங்கள். விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். வேர் வரும் முனை பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் இருக்கும், அங்கே கிள்ளினால் உயிரையே கிள்ளியதாகிவிடும். அதற்கு எதிர்ப்புறத்தில், உள்ளே வெளிறிய பருப்பு இம்மியளவு தெரிந்தால் போதும்.

சரக்கொன்றை விதையில் இதைச் செய்துபாருங்கள். கிள்ளிய விதையில் முதலில் வெட்டுவாயைச் சுற்றித் தோல் லேசாகச் சுருங்கும். பிறகு அந்தச் சுருக்கம் விதை முழுக்க ஓடும். மறுநாள் காலையில் சுருக்கமெல்லாம் போய், விதை இரண்டு மடங்குபோல் உப்பி, தோல் மெத்தென்று ஆகியிருக்கும். பக்கத்து டம்ளரில் கிள்ளாத விதை போட்ட மாதிரியே, பளபளப்புக்கூட மாறாமல், அடியில் கிடக்கும். இரண்டுக்கும் ஊற்றியது ஒரே தண்ணீர். உள்ளே போக வழி இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இனி முடிவுக்கு வரலாம். கிள்ளாமலே உப்பினால் அது தோல் அடைத்த விதை இல்லை. கிள்ளினால் மட்டும் உப்பினால் அதன் உறக்கம் தோலில் இருக்கிறது. தண்ணீர் குடித்து உப்பிய பிறகும் வாரக்கணக்கில் முளைக்காமல், அழுகாமலும் கிடந்தால் உறக்கம் உள்ளே, கருவில் இருக்கிறது. இந்த மூன்றாவது வகையில் முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலமும், முளைப்பைத் தூண்டும் ஜிப்ரெலினும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். வெப்பம், ஈரம், வெளிச்சம், கடந்துபோன மாதங்கள் எல்லாம் சேர்ந்து அந்த இழுபறியில் யார் கை ஓங்கும் என்பதை முடிவுசெய்கின்றன.

தோல் அடைத்த விதைகள்

ஆவாரை, சரக்கொன்றை, கருவேலம், வெள்வேல், உடைமரம், விடத்தேரை, வாகை, உசிலை, குன்றிமணி, சங்குப்பூ, துத்தி, மலையடிவாரத்து விராலி, கடற்கரை அடும்பு என்று நம் பக்கத்து வறண்ட நிலத்துச் செடிகளில் ஒரு பெரிய கூட்டமே இந்த வகை. அவரைக் குடும்ப விதைகளின் தோலில், தழும்பின் அருகே, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சின்னப் புள்ளி உண்டு. அதுதான் வாசல். கோடையில் மூடாக்கு இல்லாத செம்மண்ணின் மேற்பரப்பு பகலில் ஐம்பது டிகிரி செல்சியசைத் தாண்டிக் கொதித்து, விடியற்காலையில் ஆறும். இப்படி ஏறி இறங்கும் சூட்டில் அந்தப் புள்ளி தளர்ந்து திறக்கும். எல்லா விதையிலும் ஒரே வருடத்தில் திறக்காது. இந்த வருடம் கொஞ்சம், அடுத்த வருடம் கொஞ்சம் என்று தவணை முறையில் திறக்கும். கோடை முழுக்கச் சூடுபட்டு ஐப்பசி மழைக்குத் தயாராக நிற்பது இப்படித்தான். மர நிழலிலும் சருகு மூடிய இடத்திலும் பகல், இரவு வெப்ப வித்தியாசம் குறைவு என்பதால் அங்கே கிடக்கும் விதைக்கு இன்னும் நாளாகும்.

ஆடும் இந்த வேலையைச் செய்கிறது. உடைநெற்றையும் கருவேல நெற்றையும் ஆடு விரும்பித் தின்னும். "அண்ணாச்சி, கிடை மறிச்ச வயல்ல கருவை முளைக்குன்னா விதைச்சது நீங்க இல்ல, ஆடு. ராத்திரி அசைபோடயில கொட்டையைத் துப்பிரும், மிச்சம் புழுக்கையில வரும்" என்று கிடைக்காரர்கள் சொல்வது முழு உண்மை. பட்டியில் கிடக்கும் கருவேல விதையைப் பொறுக்கி விதைப்பது நாற்றங்கால்காரர்களுக்குத் தெரிந்த பழைய வழி. முண்டந்துறைக் காட்டில் சரக்கொன்றைக் காயைத் தின்னும் கரடியும் இதே உதவியைச் செய்கிறது.

வீட்டில் செய்ய இரண்டு வழிகள் போதும்.

கொஞ்சம் விதை இருந்தால் நகவெட்டி, அல்லது உப்புத்தாளில் தேய்ப்பது. எனக்கு இதுதான் பிடித்தது. நிதானமான வேலை, ஆனால் சேதம் மிகக் குறைவு. குன்றிமணியை மட்டும் கையுறை போட்டுக் கீறுங்கள், கீறியதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதன் உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தோல் உடைந்தால்தான் அது வெளியே வரும்.

விதை அதிகம் இருந்தால் வெந்நீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியபின் விதையைப் போடுங்கள். விதையைப் போல ஐந்து மடங்கு தண்ணீர் இருக்கட்டும். அப்படியே ஆறவிட்டு மறுநாள் காலை எடுங்கள். உப்பியதை அன்றே விதைக்க வேண்டும். உப்பாததை மறுபடி ஒருமுறை வெந்நீரில் போடலாம். அடுப்பின் மேலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துபோகும். ஆவாரை, விராலி போன்ற சிறு விதைகளுக்குக் கை பொறுக்காத சூடு போதும். எந்த விதையானாலும் முதலில் ஒரு கைப்பிடியில் சோதித்துப் பார்த்தபின் மீதியைப் போடுங்கள். கந்தக அமிலத்தில் ஊறவைப்பது சில நாற்றங்கால்களில் நடக்கிறது. வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

குளத்துத் தாமரையின் விதையும் இதுபோலத்தான். கருத்து இறுகிய தோலின் ஒரு முனையை அரத்தால் ராவி, தண்ணீரில் போட்டால் சில நாளில் பச்சை முளை நீளும். சீனாவில் வற்றிப்போன ஓர் ஏரியின் அடிமண்ணில் கிடைத்த, சுமார் 1300 ஆண்டு பழைய தாமரை விதை முளைத்ததை 1995-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தோல் அடைத்திருப்பதன் வலிமை அவ்வளவு.

உறங்கத் தெரியாத விதைகள்

வேம்பு, இலுப்பை, நாவல். இந்த மூன்றும் ஆனி, ஆடியில் பழுத்து உதிரும். இவற்றைக் காயவைத்து டப்பாவில் போட்டுப் புரட்டாசிக்கு எடுத்தால் பெரும்பகுதி செத்திருக்கும். நாவலும் இலுப்பையும் உலர்ந்தாலே இறக்கும். வேம்பு கொஞ்சம் தாங்கும், ஆனால் அதற்கும் சில வாரக் கெடுதான்.

இணையத்தில், விதையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் சில வாரம் வையுங்கள் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. பனி கொட்டும் நாடுகளின் மரங்களுக்கு அது சரியான முறை. குளிர்காலம் கடந்துபோனால்தான் அவற்றின் கரு விழிக்கும். நம் சமவெளி மரம் எதற்கும் அந்தக் குளிர் தேவையில்லை, நாவல், இலுப்பை போன்றவற்றை அது கொன்றேவிடும்.

செய்ய வேண்டியது எளிது. பழத்தை அன்றே பிசைந்து சதையை நீக்கிக் கழுவுங்கள். சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கும், பூஞ்சையும் அதில்தான் பிடிக்கும். நிழலில் ஒரு நாள் ஈரம் வடியவிட்டு உடனே நாற்றங்கால் பையில் ஊன்றுங்கள். நாவலில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்று வருவது வழக்கம், திகைக்க வேண்டாம். ஆடி முழுக்க நிழலும் தண்ணீரும் கொடுத்தால் ஐப்பசி முதல் மழைக்கு நட்டுவிடலாம். காட்டில் இந்த வேலையைப் பறவையும் புதரும் செய்கின்றன. இலந்தைப் புதருக்கு நடுவே வேப்பங்கன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றும் வெயிலும் நேராகப் படாத இடத்தில் விழுந்ததால் அது பிழைத்தது.

தாமிரபரணிக் கரை மருதத்தின் சிறகுள்ள காயைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து ஊன்றினால் போதும். புங்கம் எந்தச் சிரமமும் தராது. புன்னைக் கொட்டையின் ஓட்டை லேசாக உடைத்துவிட்டால் சீக்கிரம் வரும். இலந்தைக்கும் அப்படியே.

வெளிச்சமும் காத்திருப்பும்

ஆல், அரசு, அத்தி விதையை மண்ணுக்குள் புதைத்தால் முளைக்காது. கடுகைவிடச் சிறிய விதை அது, புதைந்த ஆழத்திலிருந்து மேலே வரும் அளவுக்கு அதற்குள் சேமிப்பு இல்லை. ஆகவே வெளிச்சம் பட்டால்தான் முளைப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறது. பழுத்த பழத்தைத் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் விதையை ஈரச் செங்கல் தூளின் மேல் தூவி, மூடாமல், தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருங்கள். பனைமரத்து மட்டை இடுக்கில் பறவை போட்ட ஆல விதை முளைத்து நிற்பது அந்த இடுக்கில் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து கிடைப்பதால்தான்.

வெளிச்சம் என்றால் ஏதோ ஒரு வெளிச்சம் இல்லை. சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி விழிக்கச் சொல்லும், 730 நானோமீட்டர் பக்கத்துத் தொலைசிவப்பு ஒளி, அதாவது சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒளி, உறங்கச் சொல்லும். இதை 1952-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கீரை வகை ஒன்றின் விதையில் காட்டினார்கள். பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுவதால், மேலே ஒரு மரம் இருக்கிறது என்பது மண்ணில் கிடக்கும் சின்ன விதைக்குத் தெரிந்துவிடுகிறது. உழுத மறுவாரமே களை கிளம்புவதற்கும் இது ஒரு காரணம். கலப்பை புரட்டியபோது பட்ட நொடிநேர வெளிச்சம் பல களை விதைகளுக்குப் போதும்.

கொழுக்கட்டைப் புல் போன்ற மேய்ச்சல் புற்களின் விதை, புதிதாக எடுத்ததும் சரியாக முளைக்காது. துணிப்பையில் கட்டி, ஈரம் படாத வெதுவெதுப்பான இடத்தில் சில மாதம் வைத்தால் உள்ளிருக்கும் உறக்கம் தானே கரையும். மாசியில் எடுத்த விதை ஐப்பசிக்குத் தயாராகிவிடும்.

பனை

நெல்லைக்காரர்களுக்கு விதை முளைப்பின் பாடம் பனங்கிழங்கிலேயே இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் உதிர்ந்த பழத்தின் கொட்டைக்குள் கரு மிகச் சிறியது. சுற்றியுள்ள கெட்டிப் பருப்பு முழுவதும் அதற்கான கட்டுச்சோறு. ஈரம் பட்டதும் கொட்டையிலிருந்து ஒரு குழல் வெளியே வந்து, வானத்தைத் தேடாமல், நேராக மண்ணுக்குள் இறங்கும். ஒரு முழம்வரை, மண் இளகியிருந்தால் அதற்கும் கீழே. குழலின் நுனியில்தான் கன்று உருவாகிறது. கொட்டைக்குள்ளே அதேசமயம் தவுன் வளர்ந்து, கெட்டிப் பருப்பைக் கரைத்துக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். கார்த்திகையில் கொட்டையை வெட்டினால் நடுவில் வெள்ளையாகப் பஞ்சுபோன்ற தவுனும், அதைச் சுற்றி மெலிந்துகொண்டே வரும் பருப்பும் தெரியும். தைப்பொங்கலுக்கு நாம் பிடுங்குவது அந்தச் சேமிப்பு இடம் மாறிச் சேர்ந்த கிழங்கை.

மேற்பரப்பு கொதிக்கும் தேரிமணலில் கன்றை அடியாழத்தில், ஈரம் நிற்கும் இடத்தில் வைத்துப் பிறகு பீலியை, அதாவது முதல் குருத்தோலையை, மேலே அனுப்புகிற இந்த முறை எனக்கு இன்றும் வியப்பானது. நடுகிறவருக்கு இதில் ஒரு கட்டளை இருக்கிறது. பனையைப் பையில் வளர்த்து நடாதீர்கள். கொட்டையை அது நிற்க வேண்டிய இடத்திலேயே, அடிமண்ணை ஒரு முழம் கொத்தி இளக்கி, புரட்டாசிக்குள் ஊன்றுங்கள். மேலே ஓலை தெரியப் பல மாதம் ஆகும். தோண்டிப் பார்க்கக் கூடாது. அது வடலியாக நிற்கும்வரை ஆடுமாடு மிதிக்காமல் முள் வைத்தால் போதும்.

நிலத்தில் விதைக்கும்போது

புரட்டாசிக் கடைசியில் நிலத்தைக் கீறிவையுங்கள். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து, மண் ஒரு சாண் ஆழம் நனைந்தபின் விதையுங்கள். முதல் தூறலுக்கு அவசரப்பட வேண்டாம். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுவான அளவு. தேரிமணலில் மேல்மண் ஒரே நாளில் காய்ந்துவிடும், ஆகவே இன்னும் கொஞ்சம் ஆழம் தேவை. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் அதற்கு மாறாக மேலாகவே விதையுங்கள். அடைமழையில் கரிசல் இறுகி நீர் கட்டினால் உள்ளே இருக்கும் விதைக்குக் காற்று கிடைக்காமல் அழுகும்.

மழையை நம்பி நேரடியாக விதைக்கிறீர்களென்றால் எல்லா விதையையும் கீறியோ வெந்நீரில் போட்டோ எழுப்பிவிடாதீர்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். பாதியை எழுப்புங்கள், மீதியைக் காய்ந்தபடியே கலந்து விதையுங்கள். எழுப்பிய விதை இந்த ஐப்பசியின் பந்தயம். கார்த்திகையில் மழை நின்றுபோனால் அந்தப் பங்கு போய்விடும், எழுப்பாத பங்கு மண்ணில் இருக்கும். விதைப்பந்து உருட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஊறி உப்பிய விதையைப் பந்தில் வைத்துக் காயவிட்டால் அது செத்துவிடும். பந்துக்குத் தோல் அடைத்த காய்ந்த விதைதான் பொருத்தம். வேப்பங்கொட்டையைப் பந்தாக்கிச் சித்திரையில் எறிவதில் எந்தப் பயனும் இல்லை, சித்திரையில் கைவசம் இருக்கும் வேப்பங்கொட்டை போன வருடத்துடையது.

ஒரு நோட்டில் விதையின் பெயர், எடுத்த இடம், மாதம், என்ன செய்தீர்கள், முதல் முளை வந்த தேதி ஆகியவற்றை எழுதிவையுங்கள். ஊருக்கு ஊர் இது மாறும். அம்பாசமுத்திரத்து விராலியும் வள்ளியூர் விராலியும் ஒரே நாளில் முளைக்க வேண்டுமென்று இல்லை.

நாற்றங்கால் தட்டில் முளைக்காமல் போனவற்றையும் தூக்கியெறிய வேண்டாம். தட்டைக் கோடை முழுக்க வெயிலில் காயவிட்டு அடுத்த ஐப்பசியில் மறுபடி நனையுங்கள். அதன் பிறகும் மீதி இருந்தால் அந்த மண்ணை வேலியோரமாகக் கொட்டிப் பரப்பிவிட்டு, எந்த இடம் என்பதை நோட்டில் குறித்துவையுங்கள்.